24 எதிர்க்கேள்விகள்

பரமார்த்த குரு கதையைப் படித்துச் சிரிக்காதவர்கள் குறைவு. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை வைத்துப் பார்ப்பார்களே, அவர்கள்தான்!

அந்தக் கதையை எழுதிய வீரமாமுனிவர் கோவில்பட்டிக்குப் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் இருந்து வேலை செய்தவர். 1680இல் இத்தாலியில் பிறந்து, 1710இல் கோவாவில் வந்து இறங்கிய இயேசு சபைப் பாதிரியார். சொந்தப் பெயர் பெஸ்கி. கரிசல் மண்ணில் அவர் காலத்து மழையும் வெயிலும் எப்படியோ, அவர் விட்டுப்போன கதை மட்டும் இன்னும் வாடவில்லை.

அந்தக் கதையில் ஒரு இடம். குரு ஒரு கிழட்டுக் குதிரையில் போகிறார். மரக்கிளை தட்டித் தலைப்பாகை விழுகிறது. சீடர்கள் எடுக்கவில்லை. கேட்டால், "நீங்கள் எடுக்கச் சொல்லவில்லையே" என்கிறார்கள். "இனிமேல் எது விழுந்தாலும் எடுங்கள்" என்கிறார் குரு. குதிரை போட்ட சாணத்தையும் பத்திரமாக எடுத்துக்கொண்டு வருகிறார்கள்! வெறுத்துப்போன குரு, எதை எதை எடுக்க வேண்டும் என்று ஓலையில் பட்டியல் எழுதிக் கொடுக்கிறார். கொஞ்ச தூரத்தில் குருவே பள்ளத்தில் விழுகிறார். சீடர்கள் ஓலையைப் படித்து, அவர் உடுத்திய துணியை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறார்கள். குருவை எடுக்கவில்லை. ஏன்? அவர் பெயர் பட்டியலில் இல்லை. இன்றைய பாஷையில் சொன்னால், குரு சிலபஸில் இல்லை!

வேடிக்கைதான். ஆனால் இந்தக் கதை யாருக்காக எழுதப்பட்டது என்று பாருங்கள். புதிதாகத் தமிழ் கற்கும் ஐரோப்பியப் பாதிரியார்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று எழுதியது. அதாவது நாளைக்கு ஊருக்கே குருவாகப் போகிறவர்கள், ஒரு குருவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தமிழ் படித்தார்கள். அதே வீரமாமுனிவர், ஊர் ஊராக ஞான உபதேசம் செய்யும் உபதேசியார்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று 1727இல் "வேதியர் ஒழுக்கம்" என்ற உரைநடை நூலையும் எழுதினார். பல ஊர்களுக்கு ஒரே பாதிரியார் என்றிருந்த காலத்தில், சனங்களுக்கு அன்றாடம் தெரிந்த குரு அந்த உபதேசியார்தான். போதிக்கிறவனுக்கு ஒழுக்கமும் வேண்டும், தன்னைப் பார்த்துச் சிரிக்கவும் தெரிய வேண்டும். இரண்டுக்கும் ஒரே ஆள் புத்தகம் எழுதியிருக்கிறார்.

பரமார்த்த குருவுக்கு நேர் எதிரான ஒரு குருவின் கதை யூதர்களிடம் இருக்கிறது. யூத மத குருவை "ரப்பி" என்பார்கள். எபிரேய மொழியில் "என் ஆசிரியர்" என்று அர்த்தம். அவர்கள் காலம் காலமாகப் படிக்கும் பெரிய நூல் தல்மூத். அதில் வருகிறவர்கள்தான் 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ரப்பி யோகனானும், அவர் மாணவராக வந்த ரேஷ் லாகிஷும். ரேஷ் லாகிஷ் முன்பு கொள்ளைக்காரர். யோகனான் அவரைப் படிக்க வைத்தார், தன் சகோதரியையும் கட்டிக் கொடுத்தார். பிறகு இருவரும் சமமாக உட்கார்ந்து வாதாடினார்கள். ஒருநாள் கத்தி, வாள் பற்றிய ஒரு வாதத்தில் யோகனான், "கொள்ளைக்காரனுக்குத் தன் தொழில் தெரியாதா" என்கிற மாதிரி ஒரு வார்த்தையை விட்டுவிட்டார். மனம் உடைந்து, நோயில் விழுந்து, ரேஷ் லாகிஷ் இறந்துபோனார்.

யோகனானைத் தேற்ற இன்னொரு அறிஞரை அனுப்பினார்கள். அவர் யோகனான் எதைச் சொன்னாலும், "உங்கள் கருத்துக்கு இதோ ஆதாரம்" என்று எடுத்துக் கொடுத்தார். யோகனான் அழுதார். நான் சொன்னது சரி என்று எனக்கே தெரியும், ரேஷ் லாகிஷ் இருந்தால் 24 மறுப்பு சொல்வானே, நான் 24 பதில் சொல்வேனே, அதில்தானே சட்டம் தெளிவானது என்று புலம்பினார். கடைசியில் புத்தி பேதலித்து இறந்தார் என்கிறது தல்மூத்.

ரப்பி ஆகப் படிக்கும் மாணவர்கள் இன்றும் இந்தக் கதையைப் படிக்கிறார்கள். அவர்களின் பாடசாலைக்கு யெஷிவா என்று பெயர். அங்கே இரண்டு இரண்டு பேராக எதிர் எதிரே உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் மடக்கிச் சத்தமாகப் படிக்கும் முறைக்கு "ஹவ்ரூதா" என்று பெயர். உள்ளே போனால் சந்தைக்கடை மாதிரி இரைச்சலாக இருக்கும். தல்மூத் பக்கத்தின் அமைப்பே அப்படித்தான். நடுவில் மூலம். ஒரு பக்கம் ராஷி (1040 - 1105) எழுதிய உரை. மறுபக்கம் அவருடைய பேரன்களும் அவர்கள் வழி வந்தவர்களும் எழுதிய உரை. பல இடங்களில் பேரன்கள் தாத்தாவை மறுக்கிறார்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் அச்சடித்திருக்கிறார்கள்.

அதற்காக மனப்பாடம் வேண்டாம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ரேஷ் லாகிஷ் ஆசிரியர் முன்னால் போவதற்கு முன் பாடத்தை 40 தடவை சொல்லிப் பார்ப்பாராம். 40 தடவை படித்தவனுக்குத்தான் 24 கேள்வி வரும்!

கரிசல் பக்கமும் இப்படி ஒரு குரு இருந்திருக்கிறார். எட்டயபுரம் அரண்மனைப் புலவர் கடிகைமுத்துப் புலவர். இந்து. அவரிடம் தமிழ் படித்தவர் உமறுப் புலவர். அந்த மாணவர் பிற்பாடு நபிகள் நாயகத்தின் வரலாற்றைச் சீறாப்புராணமாகப் பாடினார். ஆசிரியர் தமிழைக் கொடுத்தார், அதை வைத்து எதைப் பாடுவது என்பதை மாணவரிடம் விட்டுவிட்டார். அந்த மாணவர் எட்டயபுரத்திலேயே அடங்கியிருக்கிறார்.

பரமார்த்த குருவுக்கு ஐந்து சீடர்கள், ஒருவரும் ஒரு மறுப்பும் சொன்னதில்லை. பள்ளத்தில் கிடந்த குரு, ஓலையை வாங்கித் தன் பெயரையும் எழுதிக் கொடுத்த பிறகுதான் மேலே வந்தார். ஆமாம் சாமி போடும் மாணவனால் நஷ்டம் அவனுக்கு மட்டும் இல்லை, ஆசிரியருக்கும்தான்.

பீரியட் முடிகிறபோது "டவுட் இருக்கா?" என்று கேட்பார்கள். அறுபது பேரும் குனிந்து நோட்டைப் பார்ப்பார்கள். அதை மரியாதை என்று நினைத்துக்கொள்கிறவர்கள் யோகனான் எதற்கு அழுதார் என்று ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.