மாறாத சொல்லின் சாட்சி

பாலக்காட்டு எல்லையில் பேச்சைப் பதிவு செய்யப் போனால், "இதுக்கு என்ன சொல்வீங்க?" என்று நான் கேட்பதில்லை. கேட்டால் பள்ளிக்கூடத்து மலையாளமோ செய்தித்தாள் தமிழோதான் வரும். "கிழங்கு எப்படி அவிப்பீங்க, பாட்டி?" என்று எடுத்துக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். உடலுறுப்புப் பெயர்களும் வினைச்சொற்களும் தானாக வந்து விழும். அவைதான் எனக்கு வேண்டும். அவற்றை மக்கள் எளிதில் கடன் வாங்குவதில்லை.

மொழி வரலாற்றுக்கு ஒத்த சொல் ஒன்று கிடைத்தால் போதாது. ஒரே வேறுபாடு வரிசையாகத் திரும்பத் திரும்ப வரவேண்டும். மலையாள வீடுகளில் இன்றும் அன்றாடம் புழங்கும் செவி, கன்னடத்தில் கிவி. நீலகிரிக் கோத்தர் மொழியில் கெவ். மலையாளத்தில் ஏரியைச் சிற என்பார்கள், கன்னடத்தில் கெரெ. நம் 'செய்' பழங்கன்னடத்தில் 'கெய்'. கி, கெ என்று தொடங்கியவை தமிழிலும் மலையாளத்திலும் சி, செ ஆயின. இரண்டிலும் ஒன்றுபோல நடந்ததால், அவை பிரிவதற்கு முன்பே அந்த மாற்றம் முடிந்திருக்க வேண்டும். 1956இல் போட்ட மாநில எல்லை அதற்கு நேற்றைய கோடு.

அப்படியானால் கிளியும் கிழங்கும் கெடுவும் ஏன் தப்பின? என்னை இந்தத் தொழிலில் பிடித்து வைத்த கேள்வி இதுதான். அடுத்து வரும் ள, ழ, ட மூன்றும் நாக்கை மடக்கிச் சொல்லும் ஒலிகள். அவை முன்னுள்ள உயிரைப் பின்னுக்கு இழுத்து, ககரம் சகரமாவதைத் தடுத்துவிட்டன. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளும் உண்டு. தெலுங்கில் கிளி 'சிலுக்க', கெடு 'செடு'. அங்கே அந்தத் தடை இல்லை. ஆகவே தெலுங்கின் மாற்றம் தனியாக நடந்தது. மொழியியலாளர் தாமஸ் பர்ரோ 1943இல் இந்தக் ககர மாற்றத்தை ஆராய்ந்து எழுதினார்.

ஆங்கிலத்தின் வரலாற்றை ஆராய்பவர்களும் இதே வழியில்தான் போகிறார்கள். முகவாய் ஜெர்மனில் கின், ஆங்கிலத்தில் சின். ஆனால் கிங் மாறவில்லை. ககரம் சகரமான காலத்தில் அந்தச் சொல்லில் இகரம் இல்லை, உகரம் இருந்தது. அது பிறகுதான் திரிந்தது. கிச்சன் இன்னும் அழகு. முதல் ககரத்துக்குப் பின் உகரம், அதனால் தப்பியது. இரண்டாவதற்குப் பின் இகரம், அதனால் மாறியது. எந்த மாற்றம் முந்தியது என்பதை ஒரே சொல் சொல்லிவிடுகிறது.

பாலக்காட்டைவிட இடுக்கியில் வேலை கடினம். யார் எப்போது வந்தார்கள் என்பதை முதலில் பிரிக்க வேண்டும். மூணாற்றுத் தேயிலைத் தோட்டத் தமிழ் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் பின் மலையேறியது. அங்குள்ள பழங்குடியினரான முதுவர்கள் தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். அந்த வழக்கை மதிக்கிறேன். ஆனால் பேச்சின் வயதுக்கு அதைச் சாட்சியாக வைக்க மாட்டேன். பழையதைக் காத்து வைத்திருப்பதும் உறவுக்குச் சான்றாகாது. அப்படி யாரும் காத்து வைத்திருக்கலாம். மதுரைப் பேச்சோடு சேர்ந்து மாறிய ஒலி ஏதாவது அவர்கள் பேச்சில் இருக்கிறதா என்றுதான் தேட வேண்டும்.