சீட் கொடுத்துப் பாருங்கள்

தன்பாலீர்ப்பாளர் ஒருவர் பிரதமர் வேட்பாளரானால் நம் ஜனம் ஓட்டுப் போடுமா என்று நேற்று திருவனந்தபுரம் டீக்கடையில் பெரிய வாக்குவாதம். "இங்க சான்ஸே இல்ல" என்றார் ஒரு அண்ணாச்சி.

தன்பாலீர்ப்பாளர் இல்லாவிட்டாலும், பாலினச் சிறுபான்மையினர் தேர்தலில் நிற்பது என்றதும் எனக்கு அனன்யா குமாரி அலெக்ஸ் ஞாபகம் வந்தது. 2021 கேரளச் சட்டமன்றத் தேர்தலில் வேங்கரையில் நின்ற திருநங்கை. சொந்தக் கட்சிக்காரர்களே மிரட்டுவதாகச் சொல்லி, வாக்குப்பதிவுக்கு முன்பே பிரசாரத்தை நிறுத்தினார். ஜூலையில் இறந்தே போனார். இத்தனைக்கும் நாட்டிலேயே முதலில், 2015-இல், திருநர் கொள்கை கொண்டுவந்த மாநிலம் இது! வாக்காளர் அவரை நிராகரிக்கவில்லை. அவர்கள்வரை அவரைப் போகவே விடவில்லை.

ஜனம் ஓட்டுப் போட்டதும் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் திருநங்கை ஷப்னம் மௌசி சுயேச்சையாகவே எம்எல்ஏ ஆனார். 2022-இல் வேலூரில் திருநங்கை கங்காவுக்கு திமுக சீட் கொடுத்தது, அவர் கவுன்சிலரானார். மும்பைக்காரரின் மகனும் தன்பாலீர்ப்பாளருமான லியோ வரத்கர் அயர்லாந்துப் பிரதமராகவே இருந்தார்.

கட்சித் தலைவர்களே, ஜனங்கள்மீது பழி போடாதீர்கள். முதலில் சீட் கொடுங்கள்.