காக்கைக்கு ஒரு ஜாஸ்

பொழிச்சலூர்னு சொன்னா சென்னைக்காரங்க பலருக்கு ரெண்டு விஷயம்தான் ஞாபகம் வரும். ஒண்ணு, மொட்டை மாடியை உரசற மாதிரி போற விமானம். இன்னொண்ணு, அகத்தீஸ்வரர் கோயில் சனீஸ்வரர். வட திருநள்ளாறுன்னே அதுக்குப் பேர். சனிக்கிழமை வந்துட்டா எள் தீபம், கூட்டம், செருப்பு விட இடம் கிடைக்காது. சனி பகவானுக்கு வாகனம் யாரு? காக்கை. ஆக, எங்க ஊர்ல பறக்கிறதுல பெரிசு விமானம், மரியாதை என்னவோ காக்கைக்குத்தான் :-)

இன்னிக்கு நான் எழுத வந்தது பின்லாந்து பறவைகளைப் பத்தியும், அந்த ஊர் இசையைப் பத்தியும். காக்கை ஏன் குறுக்க வந்துச்சுன்னு போகப் போகத் தெரியும்.

பின்லாந்தின் பழைய நம்பிக்கைகள்ல பறவை இல்லாம எதுவும் நடக்காது. குழந்தை பிறக்கும்போது உயிரைக் கொண்டு வந்து உடம்புல விடறது ஒரு பறவை. சாகும்போது எடுத்துட்டுப் போறதும் ஒரு பறவை. 'சியெலுலிந்து'ன்னு பேர், ஆன்மப் பறவை. தூங்கும்போது ஆன்மா வழி தவறிப் போயிடக் கூடாதுன்னு மரத்துல செதுக்கின பறவையைப் படுக்கை பக்கத்துல வெச்சுக்குவாங்களாம். நாம பால்வீதிங்கறதை அவங்க 'லின்னுன்ராத்தா'ங்கறாங்க. பறவைகளின் பாதைன்னு அர்த்தம்.

அவங்க காவியம் 'கலேவலா'வுல உலகமே ஒரு நீர்ப்பறவை இட்ட முட்டைல இருந்துதான் வருது. கடல்ல மிதக்கிற கன்னி ஒருத்தியோட முழங்காலைத் தீவுன்னு நினைச்சு அது கூடு கட்டுது. முட்டை உருண்டு உடைஞ்சு, ஓடு பூமியும் வானமும் ஆகுது, மஞ்சள் கரு சூரியன், வெள்ளைக் கரு நிலா. எலியாஸ் லோன்ரோத் ஊர் ஊராப் போய் நாட்டுப்பாடல்களைச் சேகரிச்சு 1835ல் தொகுத்தது இது. 1849ல் விரிவான பதிப்பும் வந்தது. இதை நாம தமிழ்லயே படிக்கலாம். பின்லாந்தில் குடியேறிய இலங்கை எழுத்தாளர் உதயணன் (இரா. சிவலிங்கம்) செய்த மொழிபெயர்ப்பு 1994ல் வெளியாச்சு.

அதே காவியத்துல செத்தவங்க உலகத்து ஆத்துல ஒரு அன்னம் நீந்துது. அதைச் சுடப் போன லெம்மின்கைனன் கொல்லப்பட்டு அதே ஆத்துல துண்டு துண்டா கிடக்கிறான். அவன் அம்மா வாராங்கோலால துழாவித் துழாவி, துண்டுகளைச் சேர்த்து உயிர் கொடுக்கிறா. சிபேலியுஸ் இந்த அன்னத்துக்கு இசை எழுதினார், 1896ல் முதல்ல வாசிச்சாங்க. அன்னத்தின் குரலா வர்றது இங்லிஷ் ஹார்ன். சீவாளி வெச்சு ஊதற வாத்தியம், அதனால நம்ம நாதஸ்வரத்துக்குத் தூரத்துச் சொந்தம். 1972ல் ரவுதவாரா இன்னொரு படி போய், வடக்கத்திச் சதுப்பு நிலத்துப் பறவைகளின் குரலையே நாடாவுல பதிவு பண்ணி ஆர்கெஸ்ட்ராவோட சேர்த்து வாசிக்க வெச்சார்.

என்னைப் பிடிச்சு உலுக்கினது ஜாஸ் பக்கத்துல இருந்து வந்தது. ஈரோ ஹார்லா, பியானோவும் ஹார்ப்பும் வாசிக்கிற அம்மா. கணவர் எட்வர்ட் வேசலா பின்லாந்து ஜாஸ்ல பெரிய டிரம்ஸ் கலைஞர். அவர் குழுவுல இந்தம்மாவும் வாசிச்சாங்க. 1999ல் அவர் போயிட்டார். 2005ல் 'நார்த்பவுண்ட்'னு ஒரு ஆல்பம் இவங்க பேர்ல வந்தது. முதல் உருப்படி 'ஏவியன் கிங்டம்', பறவைகளின் ராஜ்ஜியம். த்ரிக்வே சைம் சாக்ஸபோன், மத்தியாஸ் ஐக் டிரம்பெட். அவசரமே கிடையாது. ஒருத்தர் ஒரு வரி சொல்லிட்டு நிறுத்துறார். அடுத்தவர் காத்திருக்கார். அப்புறம் அதே வரியைத் தன் பாணியில சொல்றார். நம்ம நெரவல் கேட்டவங்களுக்கு இது பழகின வேலைதான். அந்த நடுவுல வர்ற மௌனம் இருக்கே, அதுதான் விஷயம்.

அந்த மௌனம் எனக்கு எங்க மாடில தெரியும். அப்பா தவறி மூணு வருஷம் ஆச்சு. அமாவாசைன்னா அம்மா வாழை இலைல சாதம், பருப்பு, எள்ளு, கூட அவருக்குப் பிடிச்ச வாழைக்காய் கறி எல்லாம் வெச்சுட்டு "கா... கா..."ன்னு கூப்பிட்டு நிப்பாங்க. சில நாள் உடனே வந்துடும். சில நாள் அரை மணி நேரம் ஆனாலும் வராது. அம்மா நகர மாட்டாங்க. "வருவாருடா, கொஞ்சம் இரு"ம்பாங்க. காக்கைக்கு 'ர்' விகுதி போட்டுப் பேசறது அன்னிக்கு மட்டும்தான். கூப்பிட்ட குரலுக்கும் பதிலுக்கும் நடுவுல நிக்கிற அந்த நேரத்துக்கு ஒரு இசை இருக்க முடியும்னு ஹார்லாவைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தோணுச்சு.

நம்ம ஊர்லயும் பறவைக்கு இசை இல்லாம இல்ல. ராமசுவாமி தீட்சிதர் உண்டாக்கினதா சொல்ற ஹம்சத்வனி, பேர்லயே அன்னத்தின் ஒலி. ஆனா அது மங்களமான ராகம், கச்சேரி ஆரம்பத்துல பிள்ளையாரைக் கூப்பிடறது. அவங்க அன்னம் மரண ஆத்துல நீந்துது, நம்ம அன்னம் கச்சேரியைத் துவக்கி வைக்குது. மரணத்துக்கும் நமக்கும் நடுவுல நிக்கிற பறவை காக்கை. அதுக்கு ராகம் யார் வெச்சாங்க?

பாட்டு மட்டும் உண்டு. பாரதி அதோட கருப்புல கண்ணனைப் பார்த்தார். அதுக்கும் ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி ஒரு சங்கப் பெண் கவிஞர் காக்கையைப் பாடினதாலேயே காக்கை பாடினியார் நச்செள்ளையார்னு பேர் வாங்கினார். குறுந்தொகை 210வது பாட்டு. தலைவன் வரப் போறான்னு முன்கூட்டியே கரைஞ்ச காக்கைக்கு, நெய் ஊத்தின வெண்ணெல் சோத்தை ஏழு பாத்திரத்துல வெச்சாலும் போதாதுன்னு தோழி சொல்றா. அங்கயும் சோறு, அங்கயும் காத்திருப்பு. அன்னிக்குப் போனவன் திரும்பி வருவான்னு காக்கை சொல்லுச்சு. இன்னிக்குப் போனவரே காக்கையா வர்றார். எங்க அம்மாவும் அந்தத் தோழியும் பக்கத்துப் பக்கத்து மாடிதான்.

அதனால நம்ம இசைக்காரங்ககிட்ட ஒரு விண்ணப்பம். காக்கைக்கு ஒரு ஜாஸ் போடுங்க. சாக்ஸபோன்ல 'கா கா'ன்னு கத்த வைக்க வேண்டாம். அது மிமிக்ரி. பின்லாந்துக்காரங்க சிறப்பு, பறவை மேல மனுஷங்க வெச்ச நம்பிக்கைக்கு இசை போட்டது. ஒரு அழைப்பு, நீளமான மௌனம், மேல ஒரு விமானம் கடந்து போற இரைச்சல், மறுபடி அழைப்பு. இவ்வளவு போதும்.

ரெண்டு ஊருக்கும் நடுவுல ஏற்கனவே ஒருத்தர் போய் வந்துட்டு இருக்கார். பிளித் நாணல் கதிர்க்குருவி. உள்ளங்கைல அடங்கற பழுப்புக் குருவி. கோடைல பின்லாந்துல ராத்திரி முழுக்கப் பாடும். மத்த பறவைகளோட வரிகளைத் திருடி, திருப்பித் திருப்பிச் சொல்லி, நடுவுல நிறுத்தி... அப்பட்டமான ஜாஸ்! குளிர் வந்ததும் கிளம்பி நம்ம இந்தியத் துணைக்கண்டத்துப் புதர்களுக்கு வந்துடும். இங்க பெரும்பாலும் பாட்டு கிடையாது, வெறும் 'செக், செக்'.

இந்தக் குளிர்காலத்துல உங்க வீட்டு முள்வேலில அப்படி ஒரு சத்தம் கேட்டா கொஞ்சம் நின்னு கேளுங்க. ஊர்ல பெரிய வித்வான் அவர், இங்க லீவுல வந்திருக்கார்.