ஹீட்டர் மேல் பழி போடாதே

கசார்வாடி, புனே

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா? இங்கே குளிர் இறங்கிவிட்டது. போசரி ஷெட்டுகளில் காலை ஷிப்டுக்காரர்கள் பேரல் சூடேறும்வரை டீ குடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

உன் மோல்டிங் மெஷினில் 220 டிகிரி வைத்தால் 235 வரை ஏறி, பிறகு 208க்கு இறங்குகிறது என்றாயே, அதற்கு ஹீட்டர் என்ன செய்யும்? 220 ஆனதும் கரண்ட் நின்றுவிடுகிறது. ஆனால் ஹீட்டர் பட்டையில் தேங்கிய சூடு பேரல் இரும்புக்குள் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். கன்ட்ரோலர் வெறும் ஆன்-ஆஃபில் ஓடுகிறது. மெனுவில் பிஐடிக்கு மாற்று.

மாற்றினால் வோல்டேஜ் குறைத்து அனுப்பும் என்று நினைக்காதே. கரண்ட் வந்தால் முழுசாக வரும். நேரத்தைத்தான் பங்கு போடுகிறது. 20 விநாடிச் சுற்றில் 40 சதவீதம் என்றால் 8 விநாடி ஆன், 12 விநாடி ஆஃப். கான்டாக்டருக்கு அந்த 20ஐயே வை, குறைத்தால் கான்டாக்ட் சீக்கிரம் கருகும். எஸ்எஸ்ஆர் (சாலிட் ஸ்டேட் ரிலே) போட்டால் 2 விநாடி போதும். ஆனால் அது கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகி, ஹீட்டர் ஆனிலேயே நிற்கும். அதனால் பழைய கான்டாக்டரைக் கழற்றாமல், சூடு மீறினால் கரண்டை வெட்டும்படி ஹை அலாரத்தில் கோத்துவிடு.

சாயங்காலம் உங்கள் லைனில் 230 வோல்ட் 207க்கு வருகிறதல்லவா? வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் ஹீட்டர் பவர் 19 சதவீதம் போச்சு. அப்போது பிஐடியில், குறைக்கு ஏற்ற அளவில் பவர் கொடுக்கும் பி மட்டும் இருந்தால் சூடு 220க்குக் கொஞ்சம் கீழேயே தங்கிவிடும். அந்தக் குறையைக் கூட்டிக்கூட்டி ஆன் நேரத்தை நீட்டுவது ஐ. சூடு ஏறும் வேகத்தைப் பார்த்து முன்கூட்டியே பவரைக் குறைப்பது டி. மூன்று எண்ணையும் ஆட்டோ டியூன் போட்டுக்கொள்ளும். வேண்டுமென்றே சூட்டை ஏற்றி இறக்கி அளந்து பார்க்கும் வேலை அது; எஞ்சினியர்கள் ஜீக்லரும் நிக்கல்ஸும் 1942இல் சொன்ன வழியின் வாரிசு. 220 வைத்தே டியூன் போடு.

அதற்கு முன் சென்சாரைப் பார். கே டைப் தெர்மோகப்பிள் மாட்டிவிட்டு மெனுவில் ஜே என்று வைத்திருந்தால், உள்ளே 220 இருக்கும்போது 170 பக்கம்தான் காட்டும். கன்ட்ரோலர் பவரை ஏற்றிக்கொண்டே போகும், மெட்டீரியல் கருகும். சென்சார் நுனி பேரல் குழியின் அடியைத் தொடாமல் நின்றாலும் இதே கதைதான். ஸ்பிரிங்கை அழுத்திப் பார்.

புது ஹீட்டர் ஆர்டரை இப்போதைக்கு நிறுத்தி வை. டியூன் முடிந்ததும் வந்த மூன்று எண்ணையும் போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்