கைநீட்டாத வாழ்வும் முந்திய ஓய்வும்

“இன்னும் எத்தனை வருஷம் சேர்?” ஆசிரியர் அறையில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. அரச ஊழியர் ஒருவர் விரும்பினால் 55 வயதில் ஓய்வு பெறலாம்; 60 இல் கட்டாயம் ஓய்வு பெற வேண்டும். 2022 இல் இவ்வெல்லை 65 ஆக உயர்த்தப்பட்டு, அவ்வாண்டு முடிவோடு மீண்டும் 60 ஆக்கப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நாற்பதுகளில் இருக்கும் என் மனதிலும் இந்தக் கணக்கு ஓடாமல் இல்லை.

ஆனால் இன்றைய இளைஞர் சிலர் 55 வரை காத்திருக்கவும் தயாரில்லை. கொழும்பில் கணினித் துறையில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர், நாற்பது வயதோடு தொழிலை விட்டுவிடப் போவதாகச் சொன்னார். “எப்படி மகன்?” என்று கேட்டேன். ஒரு வருடச் செலவைப் போல 25 மடங்கு சேர்த்துவிட்டால், அதில் வருடத்துக்கு நூற்றுக்கு 4 வீதம் எடுத்துச் சாகும்வரை வாழலாம் என்று விளக்கினார். மாதச் செலவு ஒரு இலட்சம் என்றால் வருடத்துக்குப் 12 இலட்சம். அதன் 25 மடங்கு 3 கோடி ரூபா! மௌலவி ஆசிரியரின் சம்பளத்தில் இதைச் சேர்க்க எத்தனை ஆயுள் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கணக்கின் மூலத்தை மட்டும் விசாரித்தேன்.

இது வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994 இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. 1926 முதலான அமெரிக்கப் பங்குச் சந்தை, அரச கடன்பத்திரங்கள் ஆகியவற்றின் வருமானத்தை வைத்து, ஓய்வு பெற்றவரின் பணம் 30 வருடங்கள் தாக்குப்பிடிக்குமா என்று அவர் பார்த்தார். நாற்பதில் ஓய்வு பெறுபவர் 30 வருடங்களில் எழுபதைத்தான் அடைவார். அதற்குப் பிறகு? கடன்பத்திரத்தின் வருமானம் வட்டி என்பதால் அந்தக் கதவும் நமக்கு மூடியது. அத்தோடு, அது அமெரிக்காவின் கணக்கு. நம் நாட்டில் 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. அவ்வருடம் செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் நூற்றுக்கு 70 ஐ அண்மித்தது. இருபது வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்தவரின் பணம் எண்ணிக்கையில் குறையவில்லை. அதை எடுத்துச் சென்றால் கடையில் கிடைக்கும் அரிசிதான் குறைந்தது.

சும்மா கிடக்கும் பணத்துக்கு ஸகாத்தும் உண்டு. நிஸாபை அடைந்த பத்து இலட்சம் ஒரு வருடம் கிடந்தால் 25 ஆயிரம் ஏழையின் உரிமை. அநாதையின் சொத்தை ஸகாத் தின்றுவிடாமல் வியாபாரத்தில் ஈடுபடுத்துமாறு உமர் (ரலி) அவர்கள் சொன்னதன் நுட்பம் இதுதான். செல்வம் தேங்கி நிற்பதை மார்க்கம் விரும்பவில்லை. அது வயலிலும் கடையிலும் தறியிலும் உழைக்க வேண்டும்.

அப்படியானால் பொருளாதாரத்தில் சொந்தக்காலில் நிற்கும் ஆசை தவறா? ஒருபோதுமில்லை. அதன் அருமையை என் நண்பர் ஒருவரின் வாழ்வில் கண்டேன். அரபுக் கல்லூரியில் என்னோடு ஒரே பாயில் இருந்து ஓதியவர் அவர். என்னைவிட ஆழமான அறிவுடையவர். எனக்கு அரச நியமனம் கிடைத்தது; அவர் ஓர் ஊரில் பேஷ் இமாமானார். ஒரு ஜும்ஆவில் கைக்கூலியின் கொடுமை பற்றிப் பேசினார். அந்த மாதம் நிர்வாகி ஒருவரின் வீட்டில் கல்யாணம். “ஹஸ்ரத், இதெல்லாம் இப்ப தேவையா?” என்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்கள். வீட்டில் நான்கு பிள்ளைகள். ஓய்வூதியமும் இல்லை, சேமலாப நிதியும் இல்லை. அடுத்த ஜும்ஆவில் அவர் உளூவின் சிறப்புகளைப் பேசினார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே விடயத்தை எங்கள் ஊர் மிம்பரில் நான் பேச முடிகிறதென்றால், அது என் துணிச்சலால் மட்டுமல்ல. என் அடுப்பு அந்த நிர்வாகிகளின் கையில் இல்லாததாலும்தான்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபாவில் பட்டு வியாபாரம் செய்தார்கள். கலீஃபா அல்மன்சூர் காழிப் பதவி தந்தபோது மறுத்தார்கள், சிறையையும் ஏற்றார்கள். அரண்மனைச் சம்பளத்தை எதிர்பார்க்காத கைதான் அரண்மனைப் பதவியைத் தள்ளிவிட முடிந்தது. அவர்கள் கடையை வைத்திருந்தது சாய்ந்து உட்காருவதற்காக அல்ல, நிமிர்ந்து நிற்பதற்காக.

முந்திய ஓய்வு பற்றி வீட்டிலும் ஒருநாள் பேச்செடுத்தேன். தையல் மெஷினில் இருந்த மனைவி தலை நிமிராமலே கேட்டார்: “நீங்க பென்ஷன் எடுத்து ஊட்ட இருந்தா, எனக்கு எப்ப பென்ஷன்?” சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நம் பெண்களுக்கு 55 இலும் இல்லை, 60 இலும் இல்லை. ஆண் ஓய்வெடுக்கும் வீட்டில் பெண்ணுக்கு இன்னொரு நேரத் தேநீர் வேலை கூடுகிறது. ஆகவே, ஓய்வுத் திட்டம் போடும் குடும்பத் தலைவர்கள் வேலைப் பங்கீட்டையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

எங்கள் வீட்டில் நாங்கள் எடுத்த முடிவுகள் எளிமையானவை. வட்டிக் கடன் வாங்குவதில்லை. ஆறு மாதச் செலவுக்கான பணம் எப்போதும் கையிருப்பில். தையல் வருமானம் மனைவியின் சொந்தச் சொத்து. அது அவர் பெயரிலேயே இருக்கிறது. சிறு வயல் நிலம் ஒன்று போகத்துக்குப் போகம் உழைக்கிறது. பிள்ளைகளின் கல்யாணத்தில் கைக்கூலி கொடுப்பதுமில்லை, வாங்குவதுமில்லை. இன்ஷா அல்லாஹ், 55 இல் ஓய்வு பெற்றால், பகலில் தொழிலுக்குப் போகும் வாலிபர்களுக்கு இஷாவுக்குப் பின் ஊதியமின்றிக் கிதாபு ஓதிக் கொடுக்க எண்ணம். வேலையிலிருந்து தப்புவதல்ல, கூலி எதிர்பாராத வேலைக்கு மாறுவதே நான் விரும்பும் ஓய்வு.

பள்ளிவாசல் நிர்வாகிகளே! உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் இமாமுக்கும் முஅத்தினுக்கும் மாதாமாதம் சேமலாப நிதி செலுத்துங்கள். ஊழியர் 8 வீதம், தொழில் தருபவர் 12 வீதம் என்பது சட்டத்திலுள்ள ஏற்பாடு. மினாராவை உயர்த்துமுன் இதைச் செய்யுங்கள். முதுமையைப் பற்றிய பயம் நீங்கிய இமாமின் நாவிலிருந்துதான் உங்கள் பிள்ளைகள் உண்மையைக் கேட்பார்கள்.