பூட்டிய கதவுகள்

கொழும்புக்கு இடமாற்றம் பெற்று வந்த புதிதில், வெள்ளவத்தை ஒழுங்கைகளில் வாடகை வீடு தேடி நாம் அலைந்த நாட்கள் பல. காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் அவ்வொழுங்கைகளில், முன்னர் ஓட்டு வீடுகளும் முற்றங்களும் இருந்த இடங்களில் இன்று தொடர்மாடிகள் எழுந்து நிற்கின்றன. ஒரு மாலை, தரகர் ஒருவர் எம்மை ஐந்தாம் மாடிக்கு அழைத்துச் சென்றார். அங்கே நான்கு வீடுகள். இரண்டின் கதவுகளிற் பூட்டுத் தொங்கிற்று.

“சொந்தக்காரர் வெளிநாட்டிலை. விலை ஏறட்டும் எண்டு வைச்சிருக்கினம்” என்றார் அவர். திறந்திருந்த வீட்டுக்கோ ஒரு வருட வாடகை முற்பணம்! எமது சம்பளத்தைக் கூறினோம். அவர் மறுமொழி கூறாது கீழே இறங்க முற்பட்டார்.

இப்பூட்டுகளைப் பூட்டியவர்கள் கொடியவர்களா? அல்லர். 1983 இன் கொடுமையில் வீடிழந்து ஓடியவர்களும், பின்னர் போரினால் துரத்தப்பட்டவர்களும் அவர்களுள் இருக்கிறார்கள். அந்நிய மண்ணில் உழைத்த காசைச் சொந்த நாட்டிற் சுவராக்கி வைக்க விரும்பியது மனித இயல்பே. ஆயினும் விளைவு யாது? 2022 இல் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களுள் 350 ரூபாவைத் தாண்டியது. டொலரில் உழைப்பவனுக்கு வீடு மலிந்தது. ரூபாவிற் சம்பளம் பெறுபவனுக்கு அது எட்டாக்கனியாயிற்று. குடியிருப்பவனின் தேவையன்று, வாங்கி வைப்பவனின் பணமே விலையைத் தீர்மானிக்கின்றது. வீடு வீடாயிராது வங்கிப் புத்தகமாகிவிட்டது.

இந்நாடு இதனை ஒருகால் வேறு கண்கொண்டு நோக்கியதுண்டு. 1972 இல் வாடகைச் சட்டம் வந்தது. 1973 இல், பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்த காலத்தில், வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய வீடுகளுக்கு அது எல்லை வகுத்தது. மிகுதி வீடுகளில் வாடகைக்கிருந்தோர் அவற்றை வாங்கிக்கொள்ள வழி திறந்தது. அச்சட்டங்களிற் குறைகள் இருந்தன. ஆனால், வீடு முதலில் குடியிருப்பதற்கே என்ற எண்ணம் அவற்றில் இருந்தது. 1977 இன் பின் வீசிய திறந்த சந்தைக் காற்றில் அவ்வெண்ணமே அடிபட்டுப் போயிற்று.

இவ்வளவும் எழுதிய பின் ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. யாழ்ப்பாணத்தில் எமக்கும் ஒரு வீடுண்டு. அதுவும் பூட்டியே கிடக்கின்றது. நாம் புறப்படுமுன், மலையகத்திலிருந்து நியமனம் பெற்று வந்த இளம் ஆசிரியை ஒருவர் அதை வாடகைக்குக் கேட்டார். லயன் அறையிற் பிறந்தவர். தம் குடும்பத்தில் எவர் பெயரிலும் காணி உறுதி இருந்ததில்லை என்றார். “இருத்தினால் எழுப்புவது கடினம், காணி விலையும் ஏறுகிறது” என்று உறவினர் உரைத்தனர். நாமும் தலையசைத்தோம். தரகர் எமக்குக் கூறியதற்கும் நாம் அவருக்குக் கூறியதற்கும் வேறுபாடென்ன?

அன்றிரவே உறவினருக்குக் கடிதம் எழுதினோம்: அவ்வாசிரியைக்கு இன்னும் வீடு கிடைத்திராவிடின், திறப்பைக் கொடுத்துவிடுங்கள், வாடகை அவர் சம்பளத்துக்கு ஏற்றதாயிருக்கட்டும்.

ஒரு திறப்பினால் சமுதாயம் மாறிவிடாது என்பதை நாம் அறிவோம். அதற்குச் சட்டம் வேண்டும். சட்டத்தைக் கேட்டு எழும் மக்கள் வேண்டும். ஆனால், தன் வீட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு அச்சட்டத்தைக் கேட்பவனின் குரல் எவ்வளவு தூரம் கேட்கும்?