அம்மாவுக்கு ஏற்ற வீடு

கப்பலூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ சொன்ன இரண்டு வீட்டையும் உன் மாமாவோடு போய்ப் பார்த்துவிட்டேன்.

நான்கு வழிச்சாலை ஓரத்து அபார்ட்மெண்ட் வசதியானதுதான். லிஃப்ட், ஜெனரேட்டர், ராத்திரி பகலாக வாட்ச்மேன் எல்லாம் உண்டு. ஆனால் கேட்டைத் தாண்டி அம்மா எங்கே போவாள்? ஒரு கட்டு கீரை வாங்கக்கூட அந்தச் சாலையைக் கடக்க வேண்டும். டோல்கேட் பக்கமே குடியிருக்கிற எனக்கு அந்தச் சாலை தெரியும். லாரி ஓயாது. சிட்கோவில் ஷிப்டு விடுகிற நேரத்தில் நானே கடக்கப் பயப்படுவேன்.

எஸ்.எஸ். காலனி வீட்டில் ஹால் சின்னது. உன் பீரோவை எங்கே வைப்பது என்று யோசிக்கத்தான் வேண்டும். ஆனாலும் எனக்கு அதுதான் பிடித்தது. பால், மருந்துக்கடை, இஸ்திரி வண்டி, பிள்ளையார் கோயில் எல்லாம் நடக்கிற தூரம். பின்பக்கச் சின்னக் கேட் பூட்டிக் கிடந்தது. அசோசியேஷன் செக்ரட்டரியைப் பார்த்துக் கேட்டேன், காலை 6 மணியிலிருந்து இரவு 9 வரை திறந்து வைப்பார்களாம். அது திறந்திருந்தால் அம்மா மெயின் ரோட்டுக்கே வர வேண்டாம். சாயங்காலம் கூட்டம் இருக்கிற நேரம் பார்த்து நானே அந்தத் தெருவில் கோயில் வரை நடந்தேன். சாக்கடை மூடி ஒன்றிரண்டு உடைந்திருக்கிறது. மற்றபடி பயமில்லை.

அம்மா தெற்கு மாசி வீதியில் வளர்ந்தவள். சித்திரை, ஆடி, ஆவணி மூலம், மாசி என்று கோயிலைச் சுற்றி மாதத்தின் பேரில் தெருக்கள். எதற்கும் நடந்தே போய் வந்தவள். அந்த மதுரையும் ஒரு காலத்தில் மதிலுக்குள் இருந்ததுதான். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச்சுவரை இடித்து அகழியைத் தூர்த்த இடத்தில்தான் வெளி வீதிகள் வந்தன. அப்படிப்பட்ட ஊர்க்காரியை வாட்ச்மேன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை. போன வருஷம் முழங்கால் வலி வந்த பிறகு நடப்பதுதான் அவளுக்கு மருந்து.

எஸ்.எஸ். காலனி வீட்டு ஓனர் பத்து மாத அட்வான்ஸ் கேட்டார். 2019-ல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி, இரண்டு பேரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்று உன் மாமா எடுத்துச் சொன்னார். ஓனர் ஆறு மாதத்துக்கு இறங்கி வந்திருக்கிறார், இன்னும் பேசுவோம். அக்ரிமெண்ட் எழுத்தில் இருக்க வேண்டும், பதியவும் வேண்டும். மெயின்டனன்ஸ் வாடகைக்குள் சேர்ந்ததா தனியா என்பதையும் அதில் எழுதச் சொல். ஈபி மீட்டர் வீட்டுக்குத் தனியாகவே இருக்கிறது, 100 யூனிட் சலுகை உனக்கே கிடைக்கும். போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு. குடிக்கக் கேன் வாங்க வேண்டியிருக்கும்.

வேறு யாரோ அதே வீட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். புதன்கிழமைக்குள் ஒரு வார்த்தை போன் பண்ணு. நான் போய் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா